கூட்டல் ஒன்று

கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது,
யாரோ விட்டுப்போன நாற்பது பக்க ஜெராக்ஸ்.
ஒகேனக்கல்லில் ஏறிய பெங்களூர்ப் பையன்களுடையதாக இருக்கும்,
எட்டாம் பக்கத்தில் மீன் வறுவல் எண்ணெய்.
டெப்போவில் மூன்று நாள் வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை.
நான்காம் நாள் படித்தேன்.

இருபத்தொன்று என்கிற ஆட்டம்.
இரண்டு முதல் ஆறு வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு.
ஏழு எட்டு ஒன்பது, சும்மா விடு.
பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்
விழுந்தால் ஒன்று கழி.
சின்னது போகப் போக
மிச்சக் கட்டில் பெரியது கனக்கும்,
அப்போது பந்தயத்தை ஏற்று.

இதைத்தானே பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன்.
இண்டூரில் ஏறியது ஏழு, இறங்கியது நாலு,
இலவச டிக்கெட்டும் கணக்கில் சேர்த்தி.
செக்கிங் இன்ஸ்பெக்டர் கை காட்டுமுன்
உள்ளே எத்தனை தலை என்று
என் முதுகுக்குத் தெரியும்.

ஆறு கட்டு வைத்து ஆடினால்
எண்ணிக்கையை மீதிக் கட்டுகளால் வகுக்க வேண்டுமாம்.
நாலு தடவை படித்தும் ஏறவில்லை.
ஒரு சந்தை நாளில்
எங்கள் முன்னால் போன மினி பஸ்ஸில் ஆறு பேர் நின்றார்கள்,
ஒருவன் பாதி வெளியே.
எங்கள் வண்டியிலும் ஆறு பேர்தான் நின்றார்கள்,
காற்று வந்துகொண்டிருந்தது.
சரி, புரிந்தது.

தீர்த்தம்மா பட்டுக்கூடு அங்காடியிலிருந்து வருவாள்
கையெல்லாம் கூட்டின் வாடையோடு.
சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டுச் சீட்டுப் போடுவாள்.
ஏலத்துக்குக் கூடு கொட்டிப் பழகிய கை,
படபடவென்று விழும்.
உதடு அசையாமல் நான் எண்ண வேண்டும்.
"அசையுது" என்பாள். மறுபடி முதலிலிருந்து.
நடுவில் வேண்டுமென்றே கேஸ் தீர்ந்ததைச் சொல்வாள்,
சின்னவனுக்குக் கட்டாத ஃபீஸைச் சொல்வாள்.
கூட்டல் நாலு, கூட்டல் மூன்று, இரண்டாயிரத்து ஐநூறு,
போச்சு.

ஐம்பத்திரண்டும் விழுந்து முடிந்தால்
பூஜ்யத்தில் நிற்க வேண்டும், அதுதான் பரீட்சை.
பொங்கலுக்குத் தொண்ணூறு விநாடி.
ஆடி பிறக்கையில் முப்பத்து நாலு.
கோவாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன்.
பொழுதுபோக்குக்கு எண்ணுகிறேன் என்று
அவள் நினைத்துக்கொண்டிருப்பதாக
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை
கடைசிச் சீட்டும் விழுந்தது. கூட்டல் ஒன்று.
"மறுபடி போடு."
கூட்டல் ஒன்று.
மூன்றாம் தடவையும் அதே.

"அப்படின்னா என்ன?"
"பெரிய சீட்டு ஒண்ணு கட்டுல இல்ல."
"எது?"
"அது தெரியாது. ஏஸா இருக்கலாம், ராஜாவா இருக்கலாம்.
குறையுதுன்னு மட்டும்தான் கணக்கு சொல்லும்."

தட்டைத் தூக்கினாள்.
அடியில் டைமண்ட் ராணி,
ஓரத்தில் கொஞ்சம் ரசம்.
"எனக்கு எதுன்னே தெரியும்" என்றாள்.
"பீரோவுல ஒரு டப்பா லேசா இருக்கு. தை மாசத்துலருந்து."

கடைவீதி அடகுக்கடை ரசீது
காக்கிச் சட்டையின் உள்பையில் இருந்தது.
அதைத் துவைப்பவள் யார் என்பதை
அந்த நாற்பது பக்கத்தில் எங்கும் போடவில்லை.

கத்துவாள் என்று பார்த்தேன்.
ராணியைத் துடைத்துச் சேர்த்துக் கலைத்தாள்.
"எண்ணு."
விழ விழ எல்லாம் பொடிச் சீட்டு.
பாதியில் கூட்டல் ஏழு.
மாசக்கணக்கில் ஒருதடவைகூட எனக்கு அப்படி வந்ததில்லை.
நிறுத்திவிட்டாள்.
மிச்சக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு
விளக்கை அணைத்துப் படுத்தாள்.

காலை ஐந்தரை வண்டி. டிரைவர் மாதையன்
"என்னண்ணே, முகம்?" என்கிறான்.
ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்கிறேன்.
அவனுக்குத் தெரியவில்லை.
பென்னாகரத்தில் ஏறியது பதினொன்று.
இறங்கியதை விட்டுவிட்டேன்.
வண்டியை ஓரம் கட்டச் சொல்லி
ஒவ்வொரு சீட்டாகப் போய்
தலையைத் தொடாத குறையாக
முதலிலிருந்து எண்ணுகிறேன்.